கட்டில் இருந்த இடம்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு லிஃப்ட் கம்பெனிக்காரர் ஜிப்பக்காவின் கட்டிலை நகர்த்தச் சொன்னார். அவள் நகர்த்தினாள். அவர் டேப்பை விரித்து அளந்தார். பையைத் துழாவினார்.

"சாக்பீஸ் எடுத்துட்டு வர மறந்துட்டேன். உங்ககிட்ட இருக்குமா?"

துணியில் குறி போடும் சாக்பீஸ் அவளிடம் எப்போதும் இருக்கும். கொடுத்தாள். கட்டில் இருந்த இடத்தில் அவர் ஒரு சதுரம் போட்டார். அதற்குள் நின்று கூரையைப் பார்த்தார்.

"சரியா இருக்கு."

"என்னங்க சரியா இருக்கு?"

"லிஃப்ட். இங்கதான் வருது."

ஜிப்பக்கா உதட்டில் பிடித்திருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தினாள்.

"இங்கன்னா? கட்டிலுக்குப் பக்கத்துலயா?"

"கட்டில் இருந்துச்சே, அங்கயேதான்."

"அப்ப நாங்க?"

"அதை ஓனர்கிட்டதான் கேக்கணும்." அவர் டேப்பைச் சுருட்டினார். சாக்பீஸைத் திருப்பிக் கொடுத்தார். கிளம்பினார்.

"நில்லுங்க. உங்க பை ஜிப் பிஞ்சிருக்கு. வெச்சுட்டுப் போங்க, சாயங்காலம் வந்து வாங்கிக்கலாம்."

அவளுக்கு வேறு ஒரு பெயர் இருந்தது. பேன்ட், பை, சூட்கேஸ், கூடாரம் என்று ஊரில் பிய்ந்த ஜிப்பெல்லாம் அவளிடம் வந்து சேர்ந்ததில் அந்தப் பெயர் காணாமல் போய்விட்டது. பேன்ட்டைக் குட்டையாக்குவாள், இடுப்பைத் தளர்த்துவாள், ஆனாலும் ஜிப்பக்காதான்.

படிக்கட்டை ஒட்டி, கட்டடத்துக்கு வெளியே நீட்டிக் கட்டிய ஒற்றை அறை அவளுடையது. முன்பாதியில் தையல் மிஷின். பின்பாதியில் கட்டில், அடுப்பு, மகளின் பள்ளிக்கூடப் பை. கட்டடத்தில் மற்ற எல்லாருடைய தலைக்கு மேலும் யாராவது நடந்துகொண்டிருந்தார்கள். அவள் தலைக்கு மேல் கூரை மட்டும். கூரைக்கு மேல் வானம். லிஃப்ட் கம்பெனிக்காரருக்கு அதுதான் பிடித்திருந்தது.

லிஃப்ட் வேண்டும் என்று கேட்டது எல்லாரும்தான். நாலு மாடி. பழைய ஓனர் கடைசிவரை முடியாது என்றார். அவர் போன பிறகு மகன் சரி என்றான். கட்டடம் முழுக்கக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்கள். வாசலில் உட்கார்ந்திருப்பவள் என்பதால் முதல் கையெழுத்து ஜிப்பக்காவுடையது. படிக்கட்டுகளுக்கு நடுவே மேலிருந்து கீழ்வரை ஓர் இடைவெளி உண்டு. லிஃப்ட் அதில்தான் வரும் என்று எல்லாரும் நினைத்தார்கள். யாரும் அளந்து பார்க்கவில்லை.

"அந்தச் சந்துல கூடைதாங்க போகும்," என்றார் கம்பெனிக்காரர், சாயங்காலம் பையை வாங்க வந்தபோது.

உண்மையாகவே அதில் ஒரு கூடைதான் போய்வந்தது. நாலாம் மாடி டீச்சருடைய கூடை.

டீச்சருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. முழங்கால் இரண்டும் ஒத்துழைப்பதை நிறுத்திவிட்டன. வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எங்கெங்கோ இருக்கும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். கீழே இறங்கி ரொம்ப நாளாயிற்று. காலையில் கயிற்றில் கூடை இறங்கும். ஜிப்பக்கா ரொட்டியும் பாலும் காய்கறியும் வைத்து இரண்டு முறை இழுப்பாள். கூடை ஏறும். சாயங்காலம் மகளின் கணக்கு நோட்டு ஏறும். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் சிவப்பு மையோடு இறங்கும்.

"அம்மா," என்றாள் மகள், சதுரத்தைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு. "இதுக்குள்ள நம்ம கட்டிலே முழுசா அடங்காது. லிஃப்ட் நம்ம வீட்டைவிடச் சின்னது."

"அதுக்கு அடுப்பு வேணாமில்ல."

ஓனர் போனில் மிகவும் வருத்தப்பட்டான். மாசக் கடைசி வரைக்கும் இருக்கலாம் என்றான். வேறு இடம் தேட உதவி வேண்டுமா என்றான். ஒரு புரோக்கரின் நம்பர் கொடுத்தான்.

புரோக்கர் மூன்று இடம் காட்டினார். முதல் இடத்தின் வாடகையைக் கேட்டதும், "வருஷத்துக்கா?" என்றாள் ஜிப்பக்கா. மாதத்துக்கு. இரண்டாவது இடத்தில் தையல் மிஷின் சத்தம் ஆகாது. மூன்றாவது இடம் நன்றாகவே இருந்தது, வாடகையும் கட்டிவிடலாம். ஆனால் இரண்டு பஸ் மாற வேண்டும்.

"பஸ்ல போறது ஒரு கஷ்டமா?" என்றார் புரோக்கர்.

"நான் போயிடுவேன். ஜிப் பிஞ்சவன் வருவானா? அவன் பேன்ட்டைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பஸ் மாறணுமே."

புரோக்கர் யோசித்துப் பார்த்தார். கஷ்டம்தான் என்று ஒத்துக்கொண்டார்.

அந்தக் கட்டடத்தில் கூட்டம் என்றால் படிக்கட்டில்தான். அவரவர் மாடிக்குப் பக்கத்துப் படியில் அவரவர் உட்காருவார்கள். நாற்காலி தூக்க வேண்டாம், சோறு கொதித்தால் ஓடிப்போய் இறக்கிவைத்துவிட்டு வரலாம். பேச்சு மட்டும் மேலும் கீழும் எதிரொலிக்கும்.

முதல் மாடி டிரைவர் கீழ்ப்படிக்கே இறங்கி வந்திருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தலைமை தாங்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. முன்சீட்டில் உட்கார்ந்தே பழகிவிட்டார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ப்ளம்பரும் அவர் மனைவி நர்ஸும். மூன்றாம் மாடிக்காரர்கள் வந்தார்கள், தலையாட்டினார்கள். நாலாம் மாடியில் டீச்சர் கைப்பிடியில் சாய்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாம கேட்டது மேல போறதுக்கு," என்றார் டிரைவர். "ஒருத்தியை நடுவழியில இறக்கிவிடறதுக்கு இல்ல."

"நடுவழி இல்லண்ணே. கடைசி ஸ்டாப்பிங்," என்றாள் ஜிப்பக்கா.

படிக்கட்டு முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

"ஓனர்கிட்ட பேசுவோம்," என்றார் ப்ளம்பர். "அவரு அப்பா மாதிரி இல்ல. நல்ல பையன்."

"அப்பா முடியாதுன்னு நேரா சொல்லிடுவார். இவர் பார்க்கலாம்பார்," என்றாள் நர்ஸ். "அதுக்கு மருந்தே கிடையாது."

"நீ எல்லாத்துக்கும் மருந்து தேடுவியா?"

"உனக்குத் தேடறதை விட்டுட்டேன்ல?"

"லிஃப்ட் எனக்கு வேணாம்!"

மேலேயிருந்து வந்தது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"தோண்டறதுக்கு முன்னாடி கம்பெனிக்காரன் எல்லார் சம்மதமும் எழுத்துல கேட்டிருக்கான் இல்ல? எனக்கு வந்த காகிதம் இங்க கூடையில கிடக்கு. அவளுக்கு இடம் கிடைக்காம அது கீழ வராது. கூடையும் வராது."

"டீச்சர், கூடை வரலைன்னா சாப்பாட்டுக்கு?"

"அரிசி இருக்கு!"

நாலாம் மாடிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கூட்டம் அத்துடன் முடிந்தது.

மறுநாள் காலை கூடை இறங்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஜிப்பக்கா ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு படி ஏறினாள். நாலாம் மாடியில் நின்று மூச்சு வாங்கினாள்.

"கையெழுத்துப் போடுங்க டீச்சர்."

"மாட்டேன். உள்ள வா."

"நீங்க தரையை மிதிச்சு எத்தனை நாளாச்சு?"

"தரை எங்க போயிடப் போகுது? அங்கேயேதான் இருக்கும்."

"இவளால ஒரு பொம்பளை மேலேயே கிடந்தாங்கன்னு நாளைக்குச் சொல்வாங்க. அந்தப் பேச்சு எனக்கு வேணாம்."

"ஏம்மா, உன்னைத் தெருவுல விட்டுட்டு நான் கீழ வந்து யாரைப் பார்க்க?"

ஜிப்பக்கா ரொட்டியை மேஜையில் வைத்தாள். தலையணை உறையின் ஓரம் பிரிந்திருந்தது. அதை உருவி மடித்து எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

கீழே டிரைவர் ஸ்டோர் ரூம் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வாசலுக்கு அந்தப் பக்கம், பின்கட்டுக் கழிவறையை ஒட்டி இருந்த அறை அது. உபயோகம் இல்லை, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை என்ற சாமானெல்லாம் அங்கே போய்ச் சேரும். கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளே எதுவோ எதன் மேலோ விழுந்தது.

"என்னண்ணே பண்றீங்க?"

"நீ வீடு பார்த்து முடிக்கிற வரைக்கும் உன் மிஷினையாவது இதுக்குள்ள வைக்கலாம்னு பார்த்தேன். கொஞ்சம் ஒதுக்கினா வெச்சிடலாம்."

டியூட்டி முடிந்து வந்த நர்ஸ் பையைத் தோளில் மாட்டியபடி நின்றாள். கதவு இடுக்கில் தலையை நுழைத்துப் பார்த்தாள்.

"எவ்வளவு பெருசு இது?"

"யாருக்குத் தெரியும்? சுவரைப் பார்த்தவங்க யாரும் இல்ல."

"மிஷின் இருக்கலாம்னா ஆள் இருக்கக் கூடாதா?" என்றாள் நர்ஸ்.

டிரைவர் ஓனருக்குப் போன் போட்டார். பேசி முடித்துப் போனைச் சட்டைப் பையில் வைத்தார்.

"என்ன சொல்றார்?"

"பார்க்கலாமாம்."

"அப்ப சரின்னு அர்த்தம்."

"எந்த ஊர்ல?"

"எங்க ஆஸ்பத்திரியில. டாக்டர் பார்க்கலாம்னா நாங்க ஆரம்பிச்சிடுவோம்."

ஞாயிற்றுக்கிழமை கதவைக் கழற்றி வைத்துவிட்டு ஆரம்பித்தார்கள். டிரைவர் ஒரு சட்டம் போட்டார். யார் சாமானோ அவர் வீட்டுக்குப் போக வேண்டும். அல்லது குப்பைக்கு. மூன்றாவது வழி கிடையாது.

முதலில் வெளியே வந்தது ஒரு பஸ் சீட். இரண்டு பேர் உட்காருகிற சீட்.

"இது யாரோடது?" என்று வேண்டுமென்றே சத்தமாகக் கேட்டார் ப்ளம்பர்.

டிரைவர் தொண்டையைச் செருமினார். "வண்டியை உடைக்கக் கொண்டுபோனாங்க. கேட்டேன், குடுத்தாங்க."

"வீட்டுக்குக் கொண்டு போங்கண்ணே. சட்டம்."

"வீட்ல இடமில்ல."

"அப்ப குப்பைக்கு."

டிரைவர் சீட்டின் மேல் உட்கார்ந்துகொண்டார். அரை மணி நேரம் அவர் எழுந்திருக்கவில்லை. அங்கிருந்தே வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

கரும்பலகை ஒன்று வந்தது. "அது என்னோடது!" என்றார் டீச்சர் மேலேயிருந்து. "அவ பொண்ணுக்குக் குடுங்க." மூன்றாம் மாடிக்காரர்களின் தொட்டில் வந்தது. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றும் சொல்லாமல் மேலே தூக்கிக்கொண்டு போனார்கள். கதவுக் கைப்பிடிகள் மட்டும் நிறைந்த ஒரு பெட்டி வந்தது. அந்தக் கட்டடத்தில் இத்தனை கதவு இல்லை.

அடுத்து உடற்பயிற்சி சைக்கிள் ஒன்று வந்தது. புத்தம்புதுசாக இருந்தது. சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"யாரோடது?"

யாரும் வாய் திறக்கவில்லை. ஜிப்பக்காவுக்குத் தெரியும். வாங்கியவரின் பேன்ட் இடுப்பை வருஷத்துக்கு ஒரு தடவை அவள்தான் தளர்த்துகிறாள். அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள். ப்ளம்பர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அறையில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. குளியல் தொட்டி. வெள்ளைத் தொட்டி, ஆள் படுக்கிற நீளம்.

"எங்கயோ ஹோட்டல்ல கழட்டினாங்க," என்றார் ப்ளம்பர். "நல்ல தொட்டி. என்னிக்காவது மாட்டலாம்னு..."

"நம்ம குளியலறையில நானே பக்கவாட்டுலதான் நிக்கறேன்," என்றாள் நர்ஸ்.

நாலு பேர் தூக்கினார்கள். வாசலில் முட்டியது. சாய்த்தார்கள். முட்டியது. செங்குத்தாக நிறுத்தினார்கள். அப்போதும் முட்டியது. தொட்டி உள்ளே வந்த காலத்தில் இது முன்சுவர் இல்லாத கொட்டகை. தொட்டி உள்ளே இருக்கும்போதே சுவரைக் கட்டிவிட்டார்கள்.

"உடைச்சிடலாமா?" என்றார் மூன்றாம் மாடிக்காரர். அவர் பேசியது அன்று அது ஒன்றுதான்.

ப்ளம்பர் தொட்டியின் விளிம்பைத் தடவினார். ஜிப்பக்கா அவர் கையைப் பார்த்தாள்.

"இருக்கட்டும். மேல ஒரு பலகையைப் போட்டா எனக்குத் துணி வெட்டற மேஜை. பலகையை எடுத்தா என் பொண்ணுக்கு நீச்சல் குளம்."

வேலை இரண்டு வாரம் நடந்தது. அவரவர் வேலைக்குப் போய்விட்டு வந்து செய்தார்கள். ஜன்னல் இல்லாத அறையில் ஆள் இருக்கக் கூடாது என்று நர்ஸ் சுத்தியலோடு வந்துவிட்டாள். பின்சுவரில் தலையணை அளவுக்கு ஒரு ஜன்னல் வந்தது. ப்ளம்பர் தண்ணீர்க் குழாயை உள்ளே இழுத்தார். தொட்டிக்கும் ஒரு குழாய் வைத்தார். யாரும் கேட்கவில்லை. பெயின்ட் டிரைவருடையது. மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம், நடுவில் ஒரு கோடு. அறைக்குள் நுழைந்தால் டிக்கெட் எடுக்கத் தோன்றியது.

ஆனால் வாடகை என்ன என்று யாருக்கும் தெரியாது. ஓனர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான். மாசக் கடைசி பக்கத்தில் வந்துவிட்டது. ஜிப்பக்கா பழைய அறையில் சாமான்களை மூட்டை கட்டினாள். மூட்டை எங்கே போகப் போகிறது என்று மகள் கேட்டாள். "முதல்ல கட்டுவோம்," என்றாள்.

ஒரு மத்தியானம் ஓனர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். ஹெல்மெட்டைக் கழற்றி இடுப்புக்கு முன்னால் பிடித்துக்கொண்டான். அப்படியே நடந்து வந்தான். ஜிப்பக்கா பலகையை மட்டம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு சின்ன அவசரம்."

"தெரியுது தம்பி."

"ஸ்கூட்டர்ல ஏறும்போது பட்டுனு போயிடுச்சு. நாலு மணிக்கு பேங்க்ல ஆளைப் பார்க்கணும். லிஃப்ட் லோன் விஷயம்."

"கதவுக்குப் பின்னாடி நில்லுங்க. கழட்டிக் குடுங்க."

புதிதாக மாட்டிய கதவுக்குப் பின்னால் நின்று அவன் பேன்ட்டை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டு எதிரே பழைய அறையிலிருந்த மிஷினுக்குப் போனாள். ஸ்கூட்டர் சத்தம் கேட்டு டிரைவர் இறங்கி வந்தார். பின்னாலேயே ப்ளம்பரும் நர்ஸும். மூவரும் கதவைப் பார்த்தார்கள். கதவுக்குக் கீழே இரண்டு வெறுங்கால் தெரிந்தது. மிஷினில் பேன்ட் தெரிந்தது.

டிரைவரின் முகம் மலர்ந்தது.

"தம்பி, நல்லாயிருக்கீங்களா?"

"இருக்கேன் அண்ணே," என்றது கதவு.

"அவசரம் ஒண்ணும் இல்லியே? வாடகையைப் பேசிடலாமா?"

"என்ன நடக்குது கீழ?" என்று கேட்டார் டீச்சர்.

"பேச்சுவார்த்தை டீச்சர்!"

கதவுக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஓனர் அறையைச் சுற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

"ரூம் நல்லா வந்திருக்கு அண்ணே. ஜன்னல்லாம் வெச்சிருக்கீங்க. ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? இது இப்ப புது ரூம். புது ரூமுக்குப் புது வாடகைதானே வாங்க முடியும்? இந்தத் தெருவுல என்ன போகுதுன்னு உங்களுக்கே தெரியும். நானும் லோன் கட்டணும்."

டிரைவர் ஜிப்பக்காவைப் பார்த்துக் கையை அசைத்தார். மெதுவாக, மெதுவாக. நர்ஸ் உதட்டில் விரல் வைத்தாள். ப்ளம்பர் பேன்ட்டைத் தன்னிடம் எறியும்படி சைகை காட்டினார்.

ஜிப்பக்கா நூலைப் பல்லால் கடித்தாள். ஜிப்பை ஒரு தடவை மேலே இழுத்தாள், ஒரு தடவை கீழே. எழுந்து வந்து கதவிடுக்கில் பேன்ட்டை நீட்டினாள்.

டிரைவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

ஓனர் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தான். பர்ஸை எடுத்தான்.

"எவ்வளவு அக்கா?"

"எப்பவும் குடுக்கறதுதான்."

"அது ரொம்ப நாள் முன்னாடி இல்ல?"

"ஆமா. ஜிப் விலை ஏறிடுச்சு. நூல் விலை ஏறிடுச்சு. இந்தத் தெருவுல மத்தவங்க என்ன வாங்கறாங்கன்னும் தெரியும். புது ஜிப்தான் போட்டிருக்கேன், புது ரேட் வாங்கலாம்." அவள் பஞ்சுத் திண்டை எடுத்து இடுப்பில் செருகினாள். "எப்பவும் குடுக்கறதே குடுங்க தம்பி. நீங்க வந்துட்டுப் போயிட்டு இருந்தாப் போதும்."

ஓனர் பர்ஸைத் திறந்தபடி நின்றான். யாரும் அவனுக்கு உதவவில்லை.

"லோன் இருக்கு அக்கா," என்றான். குரல் இறங்கியிருந்தது.

"லிஃப்ட்ல போறவங்க நாங்க," என்றார் டிரைவர். "லிஃப்ட் செலவு எங்க வாடகையில ஏறட்டும். அந்தச் செலவு மட்டும். அதுக்கு மேல ஒண்ணும் ஏறக் கூடாது."

"மோட்டார், குழாய், மொட்டைமாடித் தொட்டி எதுன்னாலும் நீங்க வெளி ஆளைக் கூப்பிட வேணாம்," என்றார் ப்ளம்பர். "நான் இருக்கேன். எனக்கு நீங்க ஒண்ணும் தர வேணாம்."

"படிக்கட்டு பெயின்ட் என் பொறுப்பு," என்றார் டிரைவர்.

"கோடு போடாதீங்கண்ணே," என்றாள் நர்ஸ்.

ஓனர் ஜிப்பக்காவைப் பார்த்தான்.

"நான் தரையில இருக்கிறவ தம்பி. எனக்கு எதுக்கு லிஃப்ட்?"

அவன் சிரித்துவிட்டான். வேறு வழி இருக்கவில்லை. "சரிக்கா. நீங்க லிஃப்ட்ல கால் வைக்காத வரைக்கும் பழைய வாடகை. கால் வெச்சா புது வாடகை. சம்மதமா?"

"சம்மதம்."

அவன் விளையாட்டாகச் சொன்னானா என்று மற்றவர்களுக்குத் தெரியவில்லை. அவனுக்கே தெரிந்ததா என்பதும் சந்தேகம். எதற்கும் இருக்கட்டும் என்று டிரைவர் அதை இன்னொரு தடவை உரக்கச் சொல்லவைத்தார்.

"நாலாம் மாடிக்குக் கேட்டுச்சா?"

கயிறு கிறீச்சிட்டது. படிக்கட்டுகளின் நடுவே கூடை இறங்கி வந்தது. உள்ளே கையெழுத்துப் போட்ட காகிதம். அதன் மேல் காய்கறிப் பை.

ஜிப்பக்காவும் மகளும் அன்றே குடிபோனார்கள். போக வேண்டிய தூரம் வாசலின் அகலம். டிரைவர் பஸ் சீட்டைத் தையல் மிஷினுக்கு எதிரே போட்டார். வருகிறவர்கள் உட்காரட்டும் என்றார். முதல் ஒரு வாரம் அவரே வந்து உட்கார்ந்தார். ஜிப் மாட்ட வந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், கொஞ்ச நேரத்தில் ஜன்னல் பக்கம் தள்ளி உட்காரச் சொன்னார்கள்.

பழைய அறையை இடித்தார்கள். சாக்பீஸ் சதுரம் பள்ளமானது. பள்ளத்திலிருந்து கம்பிகள் முளைத்து நாலு மாடிக்கு ஏறின. ஒவ்வொரு மாடியிலும் படிக்கட்டு ஜன்னல் இருந்த இடம் லிஃப்ட் வாசலானது. அடுத்த தெருவிலிருந்து இரண்டு பேர் வந்து ஸ்டோர் ரூமைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் கட்டடத்திலும் ஒன்று இருக்கிறதாம், அங்கேயும் வீடு காலி பண்ணச் சொல்லி ஒருவரை நெருக்குகிறார்களாம். டிரைவர் அவர்களுக்கு அரை நாள் பாடம் எடுத்தார். சுத்தியல் வேண்டுமானால் தன் மனைவி வருவாள் என்றார் ப்ளம்பர்.

லிஃப்ட் ஓட ஆரம்பித்த நாளில் கீழ் வாசலில் ரிப்பன் கட்டினார்கள். டீச்சர்தான் வெட்ட வேண்டும் என்று ஏகமனதாக முடிவு. டீச்சர் இறங்கி வருவார், கதவு திறக்கும், அங்கேயே வெட்டுவார். ஜிப்பக்கா தன் பெரிய கத்தரிக்கோலோடு நின்றாள். பக்கத்தில் ஹெல்மெட்டோடு ஓனர்.

மூன்றாம் மாடிக்காரர் ரிப்பனுக்கு மேலாகக் கையை உள்ளே நீட்டி நாலாம் மாடிப் பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் மேலே போனது. கொஞ்சம் பொறுத்துக் கீழே வந்தது. கதவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை.

மறுபடி அனுப்பினார்கள். மறுபடி காலியாக வந்தது.

"டீச்சர்?"

"வர்றேன், வர்றேன்," என்றது மேல்மாடி.

மூன்றாவது தடவை டிரைவரே ரிப்பனுக்கு அடியில் குனிந்து உள்ளே போனார். குரல் மட்டும் இறங்கி வந்தது.

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் டீச்சர். ஒரு ஆளுக்குக் கீறல் பட்டதில்ல. என்னை நம்பி ஏறுங்க."

"பஸ் தரையில ஓடுது."

டிரைவர் தனியாகத் திரும்பி வந்தார். ப்ளம்பர் போய் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினார். அதில் டீச்சருக்கு இன்னும் பயமாகிவிட்டது. கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் அவர் சேர்த்துச் சொல்லியிருந்தார். நர்ஸ் போய் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு வந்தாள்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. கைப்பையெல்லாம் மாட்டிக்கிட்டு ரெடியாதான் நிக்கறாங்க. ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேங்கறாங்க. உள்ள ஆடுமான்னு கேட்டதையே கேக்கறாங்க."

கயிறு கிறீச்சிட்டது. எல்லாரும் திரும்பினார்கள். கூடை இறங்கி வந்து நின்றது. உள்ளே ரொட்டி வாங்கும் பை, மடித்து, வழக்கம்போல.

ஜிப்பக்கா பையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கத்தரிக்கோலை மகள் கையில் கொடுத்தாள். ரிப்பனைத் தூக்கிக்கொண்டு குனிந்தாள்.

"அக்கா," என்றான் ஓனர். "கால் வெச்சா..."

"ஞாபகம் இருக்கு தம்பி."

உள்ளே போனாள். திரும்பி நின்றாள். கதவு இரண்டு பக்கமிருந்தும் வந்து மூடியது. ஓனர் ஹெல்மெட்டைத் திருப்பி அதன் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் வயிறு ஒரு தடவை கீழே இழுத்தது. அவ்வளவுதான். முதல் மாடி போனது, இரண்டாவது போனது. நாலில் கதவு திறந்தபோது டீச்சர் எதிரே நின்றார். வெளியே போகும் செருப்பு. இரண்டு கையாலும் பிடித்த கைப்பை. முகத்தில் பவுடர், அதன் மேல் வியர்வை. செருப்பின் முனை வாசலின் கோட்டைத் தொட்டும் தொடாமலும் இருந்தது.

கதவு மூடப் பார்த்தது. ஜிப்பக்கா பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மறுகையை நீட்டினாள்.

"இதுக்கு நேர் கீழதான் டீச்சர் என் கட்டில் கிடந்துச்சு. பத்து வருஷம் இந்த இடத்துலதான் தூங்கினேன், ஒரு நாள்கூட உருண்டு விழல. வர்றீங்களா, இல்ல புது வாடகையை நான் சும்மா கட்டணுமா?"